மலை ஏறும் ஜீப்: பழைய வண்டியைத் தேற்றுவது எப்படி?



நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் கீழே நெல், வாழை, திராட்சை. மேலே கேரள மலையில் ஏலக்காய். கீழே இருக்கும் ஆட்களையும் மேலே இருக்கும் வேலையையும் சேர்த்து வைப்பது எது தெரியுமா? ஜீப்! குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகளிலும் விடியும் முன்பே ஜீப்புகள் ஏற ஆரம்பித்துவிடும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை என்று பல ஊர் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் போகிறது. எங்க அம்மாவும் அப்படிப் போறவங்கதான். இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் அம்மாவோ அத்தையோ போவாங்க. அதனால் இந்தக் கட்டுரை வண்டி ஓட்டும் அண்ணன்மார்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான்.

எங்க மாமா ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பழைய ஜீப்பையும் பிக்கப்பையும் தோட்ட வேலைக்குத் தயார் செய்து கொடுப்பார். அவரிடம் கேட்டதையும், அறிவியல் பாடத்தில் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஜீப் வந்த கதை

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941-இல் வில்லீஸ் நிறுவனம் ராணுவ ஜீப்பைச் செய்தது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1945-இல் தொடங்கப்பட்டது. 1947-இல் வில்லீஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இங்கேயே பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு டீசல் எஞ்சின் வந்தது. கமாண்டர், மேஜர் என்று பல பெயரில் ஜீப்புகள் வந்தன. 2000-இல் பொலிரோ வந்தது. பழைய ஜீப்புகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் நம்ம மலையில் அவை ஓய்வு எடுக்கவில்லை. காரணம், தனியாக ஒரு கனமான சேசிஸ், பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், எந்த ஊரிலும் கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சின். ரிப்பேர் செய்ய முடிகிற வண்டிதான் ரொம்ப நாள் வாழும்.

எதை முதலில் செய்ய வேண்டும்?

பழைய வண்டி வாங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது பெரிய டயர், கூடுதல் லைட், சத்தமான ஹாரன். மாமா என்ன சொன்னார் தெரியுமா? "ஏறுறது பெருசில்ல பாப்பா. ஏற முடியலைன்னா வண்டி நின்னுடும், அவ்வளவுதான். எறங்கையில நிக்கலைன்னாத்தான் ஆபத்து." எனவே செலவு செய்யும் வரிசை இதுதான்: முதலில் எலும்பு, அடுத்து பிரேக், அடுத்து ஸ்டியரிங். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

1. எலும்பு (சேசிஸ்)

வண்டிக்கு சேசிஸ்தான் முதுகெலும்பு. மலை மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் சேறு போய் ஒட்டும் மூலைகளில் துரு பிடிக்கும். மேலே பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு 'ணங்' என்று கேட்கும். துருத் தின்ற இடம் 'பொத்' என்று கேட்கும். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் விரிசல் இருந்தால் அதைச் சரி செய்யாமல் வேறு எதற்கும் காசு போடக் கூடாது.

2. பிரேக்

இங்கேதான் நம் பாடம் வருகிறது. 'வேலை, ஆற்றல்' பாடத்தில் நிலை ஆற்றல் என்று படித்திருக்கிறோம். ஆளும் மூட்டையும் சேர்த்து ஒரு ஜீப் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அது இறங்குகிறது.

நிலை ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்
= 2,000 × 10 × 1,000
= 2,00,00,000 ஜூல் (2 கோடி ஜூல்)

இந்த ஆற்றல் எங்கேயும் காணாமல் போகாது, வெப்பமாக மாறும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடாக்க 2,94,000 ஜூல் வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு தடவை மலை இறங்கும் வெப்பத்தில் சுமார் 68 லிட்டர், அதாவது நாலு குடத்துக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! அதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் தாங்க வேண்டும். காலை எடுக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும்.

பிரேக் அதிகமாகச் சூடானால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, லைனிங் பிடிமானம் குறையும். இரண்டு, பிரேக் ஆயில் கொதிக்கும். 'டாட் 3' என்ற பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, வாயுவைச் சுருக்கலாம். அதனால் பெடலை மிதித்தால் குமிழிதான் சுருங்கும், சக்கரம் நிற்காது. "பெடல் உள்ளே போயிருச்சு" என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

செய்ய வேண்டியவை:
• பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒரு முறையாவது முழுசாக மாற்ற வேண்டும்.
• லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாம் புதிது போட வேண்டும்.
• ரொம்பப் பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஓர் இடத்தில் கசிந்தாலும் நாலும் போச்சு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு லைன் உள்ள மாஸ்டர் சிலிண்டர், நிறுவனமே அந்த மாடலுக்குக் கொடுத்திருந்தால், அதுதான் நல்லது.
• ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கவே கூடாது.

3. ஸ்டியரிங்

போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டை ராடு முனைகளை மாற்றி, கிரீஸ் வைக்க வேண்டிய இடம் எல்லாம் கிரீஸ் வைக்க வேண்டும். செலவு கம்மி, பயன் அதிகம்.

4. ஸ்பிரிங் பட்டை

அதிக மூட்டை ஏற்றுவதற்காகக் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள். அப்புறம் வண்டி பின்னால் தாழாது. பார்க்கிறவருக்கு "வண்டி தாங்குதே" என்று தோன்றும். ஆனால் பட்டை மட்டும்தான் பலமாகியிருக்கிறது. ஆக்சில் அதேதான், டயர் அதேதான், பிரேக் அதேதான். வண்டி தாழ்வது ஒரு எச்சரிக்கை. பட்டையைச் சேர்த்து அந்த எச்சரிக்கையை வாயடைக்கக் கூடாது. உடைந்த பட்டையை மாற்றுவது ரிப்பேர், எடை கூட்டுவதற்காகச் சேர்ப்பது ஆபத்து.

வண்டியை ரொம்ப உயர்த்தினாலும் ஆபத்துதான். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை? கனம் அடியில் இருக்கிறது. ஜீப்பை உயர்த்தி, கூரை மேல் மூட்டையும் கட்டினால் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். சரிவில் சாய்ந்தால் நிமிராது.

5. டயர்

பழைய ஜீப்பின் டயரில் 6.00-16 என்று போட்டிருக்கும். 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம் என்று அர்த்தம். சேற்றுக்குப் பட்டன் டயர் நல்லது. பட்டன்களுக்கு நடுவில் சேறு வெளியேறும், பிடிமானம் கிடைக்கும். ஆனால் அளவைப் பெரிதாக்கினால் சக்கரம் நீளமான நெம்புகோல் மாதிரி ஆகிவிடும். அதே பிரேக், அதே எஞ்சின் இரண்டுக்கும் வேலை கூடும். ஸ்பீடாமீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். மணலில் சிக்கினால் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பரந்து பதியும், ஏறி வந்துவிடலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று பிடிக்க வேண்டும்.

6. ஃபோர் வீல் கியர்

இது எல்லா ஜீப்பிலும் இல்லை. பலவற்றில் பின் சக்கரம் மட்டுமே தள்ளும். ஃபோர் வீல் இருந்தால் கூடுதலாக ஒரு கியர் பெட்டியும் தனிக் கம்பியும் இருக்கும். 'லோ' போட்டால் வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். பழைய ஜீப்புகளில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடும். கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது வேகமாக மிதித்து மெதுவாகப் போவோமே, அதேதான். இறங்கும்போதும் 'லோ' உதவும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரமும் பின் சக்கரம் குறைந்த தூரமும் ஓடும். சேற்றில் என்றால் வழுக்கிச் சமன் செய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் கியர் முறுக்கிக்கொள்ளும்.

7. சூடு, தூசி, பனி

மெதுவாக மலை ஏறும்போது எதிர்க்காற்று குறைவு, எஞ்சின் சூடு அதிகம். ரேடியேட்டர் அடைப்பை எடுத்து, ஃபேன் பெல்ட்டை மாற்ற வேண்டும். கீழே தோட்டத்துப் புழுதிக்கு ஏர் கிளீனரை அடிக்கடி கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

மெட்டில் பனி மூடும். அதற்குத் தாழ்வாக மாட்டிய விளக்கு நல்லது. உயரத்தில் மாட்டினால் பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். 100 வாட் விளக்கு இரண்டு மாட்டினால், 200 ÷ 12 = சுமார் 17 ஆம்பியர். மெல்லிய ஒயரில் இது ஓடினால் ஒயர் சூடாகித் தீப் பிடிக்கலாம். தகுந்த ஒயர், ரிலே, ஃபியூஸ் மூன்றும் கட்டாயம். விளக்கும் சட்டம் அனுமதித்ததாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரம், தயாரித்த நிறுவனம் சொன்ன விவரத்திலிருந்து மாறக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதியாகச் சொன்னது. எஞ்சின் மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன் அனுமதி வேண்டும். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே பொருளைப் புதிதாகப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பழைய ஜீப்புக்குத் தேவைப்படுவதில் முக்கால்வாசி இதுதான்! வாடகை வண்டி 8 வருஷம் தாண்டினால் ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். பிக்கப் போன்ற சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் கஷ்டம்.

நாம் பார்க்க வேண்டியவை

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடி அருகே, தேயிலைத் தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பிய பெண்களின் ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பெண்கள் இறந்துபோனார்கள். அவர்களும் நம்ம அம்மா மாதிரிதான், வேலை முடிந்து சோறாக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நம்மால் வண்டியைக் கழற்றிப் பார்க்க முடியாது. ஆனால் ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷத்தில் இவற்றைப் பார்க்கலாம். அம்மாவிடம் சொல்லிக் கொடுங்கள்:

1. சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருக்கிறதா?
2. டயர் மொட்டையாக இருக்கிறதா?
3. வண்டியில் சக்கரத்துக்குப் போடும் கட்டை இருக்கிறதா?
4. டிரைவர் இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறாரா?
5. டிரைவர் சீட்டில் அவர் பக்கத்தில் ஆட்களை நெருக்கி உட்கார வைத்திருக்கிறார்களா? கியர் போடக் கை நகர வேண்டுமே!
6. எத்தனை தலை? ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை சீட்டு?

ஒருவர் தனியாகக் கேட்டால் "நாளைக்கு நீ வேற ஜீப் பாத்துக்க" என்று சொல்லிவிடலாம். ஒரே ஜீப்பில் போகும் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. எங்க தெருவில் அம்மாக்கள் இப்போது சேர்ந்துதான் கேட்கிறாங்க. இரண்டு டிரைவர் அண்ணன்கள் வண்டியில் கட்டை வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. பிரேக் இல்லாத ஜீப் ஓடும். அதுதான் பயம்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

(யோசியுங்கள்: அதே ஜீப்பில் 500 கிலோ கூடுதலாக ஏற்றினால் எத்தனை லிட்டர் தண்ணீர் கொதிக்கும்? விடை அடுத்த இதழில்.)