தகவல் துளி: பத்தாண்டு விதி

பெங்களூரு வைட்ஃபீல்டின் இன்னர் சர்க்கிளில் வேவர்லி இன் என்றொரு பழைய விடுதி இருந்தது. இளம் ராணுவ அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே வந்து போவார் என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1896இல் அவர் பெங்களூரு கன்டோன்மென்ட்டுக்குப் பணிக்கு வந்தது வரலாறு.

அதே சர்ச்சில் 1928இல் பிரிட்டனின் நிதியமைச்சர். அடுத்த 10 ஆண்டுகளுக்குப் பெரும்போர் வராது என்று வைத்துக்கொண்டு ராணுவச் செலவைத் திட்டமிட வேண்டும் என்பது 1919இல் வந்த விதி. அந்த 10 ஆண்டு தினமும் புதிதாகத் தொடங்கும்படி மாற்றியவர் அவர்தான். கெடு முடியவே முடியாது! 1932இல் விதியைக் கைவிட்டார்கள். அதற்குள் சிங்கப்பூர் கடற்படைத் தளத்தின் வேலை பலமுறை தடைப்பட்டிருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியபோது பிரிட்டிஷ் படையிடம் அங்கே ஒரு டாங்கிகூட இல்லை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் விமானப் பாதுகாப்பின்றிப் போய், டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்கின. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. தளபதிகளின் தவறுகளும் உண்டு. ஆனாலும் அன்று மிச்சம்பிடித்த பணத்துக்கு இதுவே விலை.

விலையைக் கொடுத்தவர்கள் யார்? பிடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை போட ஜப்பானியரால் அள்ளிச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் வீடு திரும்பவில்லை.