நூற்கடையும் நூலறிவும்



தமிழில் 'நூல்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பஞ்சிலிருந்து நூற்கும் இழையும் நூல்; புலவர் இயற்றும் ஏடும் நூல். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்திருப்பதை இலக்கண வகுப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். பல்லாண்டுகள் ஒரு வகை நூலைக் கற்பித்து வந்த நான், பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மற்றொரு வகை நூலை விற்கத் தொடங்கினேன். அச்சிறு கடையில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில், அர்ச்சுனா ஆற்றின் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்தது. வீட்டின் முன்னறையே கடை. கம்பளி நூல், பருத்தி நூல், செயற்கைக் கம்பளி நூல், பின்னல் ஊசிகள், கொக்கி ஊசிகள், கூடை பின்னும் ஒயர்க் கட்டுகள் ஆகியவையே சரக்கு. "இந்த வெயிலில் பின்னல் உடை யாருக்கு ஐயா?" என்று வழிப்போக்கர் சிலர் நகைத்ததுண்டு. ஆனால் நூல் எங்கள் மாவட்டத்திற்குப் புதியதன்று. கரிசலில் பருத்தி விளைகிறது. இராசபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டில் நூற்பாலை நிறுவினார். அருப்புக்கோட்டையில் சேலை நெய்கிறார்கள். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெய்கிறார்கள். எங்கள் கடைக்கு வருவோரும் குழந்தைக்குக் குல்லா, வாசலுக்குத் தோரணம், தோளில் மாட்டும் பை என்று ஏதேனும் ஒன்றைப் பின்னும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள்.

பின்னலுக்கும் நெசவுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்வோம். நெசவில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும். பின்னலிலோ ஒரே நூல் போதும். அது வளைந்து ஒரு கண்ணியாகி, அக்கண்ணிக்குள் மற்றொரு கண்ணி புகுந்து, இவ்வாறே வரிசை வரிசையாக வளரும். கண்ணிகள் நெகிழ்ந்து கொடுப்பதனால்தான் நீங்கள் அணியும் பனியன் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குகிறது. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். இன்று திருப்பூரில் இரவும் பகலும் சுழலும் பின்னல் எந்திரங்கள் அப்பொறியின் வழிவந்தவையே. எந்திரம் செய்வதும் ஒரு பாட்டி இரண்டு ஊசிகளால் செய்வதும் அடிப்படையில் ஒரே கண்ணிதான்.

இனி, நூற்கடைக்காரன் அறிந்திருக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலாவது, நூலின் நம்பர். 840 கெஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஓர் இராத்தல் எடையில் எத்தனை சிட்டங்கள் அடங்குகின்றனவோ, அந்த எண்ணே பருத்தி நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஓர் இராத்தலில் 40 சிட்டம். அதாவது 33,600 கெஜம். சிவகாசியிலிருந்து விருதுநகர் வரை அதை நீட்டிப் பிடித்தாலும் மிச்சம் இருக்கும்! ஆகவே எண் ஏற ஏற நூல் மெலியும். இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினால், அதே எடைக்கு நீளம் ஏறத்தாழப் பாதியாகும். கையால் பின்னுவதற்குப் பல இழைகளை முறுக்கிய பருமனான நூலே ஏற்றது.

இரண்டாவது, சாயத் தொகுதி எண். ஒரே நீலமென்று நாம் நினைப்பது, ஒரு தொட்டியில் தோய்ந்ததற்கும் மறுநாள் வேறு தொட்டியில் தோய்ந்ததற்கும் சிறிதேனும் மாறும். உருண்டையைச் சுற்றியுள்ள தாளில் இதற்கென ஓர் எண் அச்சிட்டிருக்கும். வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே எண்ணில் வாங்கிவிட வேண்டும். இல்லையேல் முன்பக்கம் ஒரு நிறமும் பின்பக்கம் ஒரு நிறமுமாக முடியும். இதனால் கடைக்காரன் ஒரு நிறத்தில் இரண்டு உருண்டை மட்டும் வைத்துப் பிழைக்க இயலாது. பத்தேனும் வைக்க வேண்டும்; அந்த அளவுக்கு அவன் முதல் அலமாரியில் முடங்கிக் கிடக்கும்.

மூன்றாவதே மிக முக்கியமானது: நூல் எதனால் ஆனது என்னும் அறிவு. இதை நான் ஒரு தவறு செய்த பின்னரே உணர்ந்தேன்.

கடை தொடங்கிய முதலாண்டு மார்கழியில் ஒரு பெண்மணி வந்தார். பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். விடியுமுன் வண்டியேற வேண்டியிருப்பதால் பனிக்கு ஒரு கைச்சட்டை பின்னிக்கொள்ள நூல் கேட்டார். விலை குறைவாகவும் பார்வைக்குப் பளபளப்பாகவும் இருந்த செயற்கைக் கம்பளி நூலை எடுத்துக் கொடுத்தேன். அவரும் பொறுமையாக இருபது நாளில் அழகாகப் பின்னி முடித்து, அணிந்துகொண்டு வேலைக்குச் சென்றார். ஆலை வாயிலிலேயே போர்மேன் அவரைத் தடுத்துவிட்டார். அந்த உடையோடு உள்ளே நுழைய அனுமதியில்லை. மாற்றுடையும் அவரிடம் இல்லை. அன்றையக் கூலி போயிற்று. மாலையில் கடைக்கு வந்து அவர் சொன்ன சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "ஐயா, நான் படிக்காதவள். நீங்கள் நூலைக் கொடுத்தீர்கள்; அது என்ன நூலென்று சொல்லவில்லையே."

அந்த வாயிற்படியில் போர்மேன் செய்தது முற்றிலும் சரி. ஏன் என்று பாருங்கள். இரு பொருள்கள் உராயும்போது மின்னூட்டம் பிறக்கிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்கும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு ஈரம் அதில் தங்கும். அந்த ஈரத்தின் வழியே மின்னூட்டம் சேராமல் கசிந்துவிடும். செயற்கைக் கம்பளியில் தங்கும் ஈரமோ நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. எனவே மின்னூட்டம் அதில் சேர்ந்து நின்று, வேறொன்றைத் தொடும்போது சிறு பொறியாகத் தாவும். வீட்டில் அது வெறும் சுருக்கென்ற உணர்ச்சி. வெடிமருந்து அறையிலோ உயிர்ப்பலி. எங்கள் வட்டாரத்தின் வறண்ட காற்றே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்ற உதவியது. அதே வறட்சி உடையில் மின்னூட்டம் தங்குவதற்கும் துணைபோகிறது. அதனாலேதான் பட்டாசுத் தொழிலாளர் பருத்தி உடையே அணிய வேண்டுமென்று வலியுறுத்தப்படுகிறது.

அன்று முதல் எங்கள் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. "என்ன பின்னப் போகிறீர்கள்? யார் அணிவார்? எங்கே அணிவார்?" என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை பெறாமல் நூல் கொடுப்பதில்லை. தாளில் பெயர் அச்சிடாத நூல் வந்தால், ஒரு சிறு இழையை எரித்துப் பார்த்து இனம் காண்போம். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி, மயிர் பொசுங்கும் நாற்றம் தரும். நெருப்பை அகற்றினால் தானே அணைந்துவிடும். செயற்கைக் கம்பளியோ உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாகும். இச்சோதனையை நீங்கள் செய்வதாயின் பெரியோர் முன்னிலையில், அடுப்படியில், தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். பட்டாசும் மருந்தும் திரியும் உள்ள இடத்தில் அறவே கூடாது.

இரண்டாவதாக, கடையில் ஒரு பெரிய குறிப்பேட்டை வைத்தோம். எங்களிடம் நூல் வாங்குவோர், பின்னி முடித்த பொருளைக் கொண்டுவந்து காட்டி, எந்த நூல், எத்தனை உருண்டை, எந்த ஊசி, எத்தனை கண்ணி, எவ்வளவு நாள், எங்கே பிழை நேர்ந்தது என்பனவற்றை அதில் எழுதுவர். எழுதத் தெரியாதார் சொல்ல, என் மனைவியோ நானோ எழுதுவோம். அந்த ஏட்டை யாரும் எடுத்துப் படிக்கலாம். அச்சிட்ட புத்தகங்களில் உள்ளவற்றை மட்டும் படியெடுத்துத் தருவதில்லை. அவை எழுதியோரின் உடைமை. ஞாயிறு மாலைகளில் திண்ணையில் ஆறேழு பேர் கூடி, ஒருவர் பின்னலை ஒருவர் பார்த்துப் பழகுவர். பிழையை எழுதத் தொடக்கத்தில் எல்லோரும் கூசினர். முதல் பக்கத்தில் அந்தக் கைச்சட்டையின் கதையை, என் பிழையாகவே நான் எழுதிய பிறகு அக்கூச்சம் நீங்கியது.

அந்த ஏட்டில் மிகுதியாகக் காணப்படும் பிழை கணக்குப் பிழையே. ஒருவர் மாதிரித் துண்டு பின்னிப் பார்த்ததில் 4 அங்குலத்திற்கு 20 கண்ணி வந்தது. ஓர் அங்குலத்திற்கு 5. குழந்தையின் தலைச்சுற்று 14 அங்குலமாதலால் 70 கண்ணிகளில் குல்லா சரியாக அமைந்தது. அதைப் பார்த்து மற்றொருவரும் 70 கண்ணி இட்டார். அவர் கை இறுக்கம். 4 அங்குலத்திற்கு 24 கண்ணி. 70-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டு அங்குலம்கூட வரவில்லை! அவர் இட்டிருக்க வேண்டியது 84. விகித சமத்தை நான் கரும்பலகையில் கற்பித்த காலத்தில் கொட்டாவி விட்ட ஒரு மாணவி, இன்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதே கணக்கை எங்கள் திண்ணையில் விரைந்து போடுகிறார்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்குவது எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குக் கைவந்த வேலை. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், காற்று மாசையும் இரைச்சலையும் கருதிச் சரவெடி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தது. அவ்வேலையை நம்பியிருந்த பெண்கள் பலர் வேறு வேலை தேட நேர்ந்தது. அத்தகையோரில் சிலர் எங்கள் திண்ணைக்கு வந்தனர். புதியவர் ஒரு வாரத்தில் கற்பதை அவ்விரல்கள் ஒரு மாலையில் கற்றன. ஆயினும், பின்னலால் ஆலைக் கூலிக்கு ஈடான வருமானம் வந்துவிடும் என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். எந்திரம் நிமிடங்களில் செய்வதைக் கை நாட்கணக்கில் செய்கிறது. ஆகவே எந்திரம் செய்யாததை, ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்யும் பொருளை, நியாயமான விலைக்கு விற்கவே வழி காட்டுகிறோம்.

கைப்பின்னல் ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதற்கு நம் தென்னாட்டிலேயே சான்று உண்டு. 1820-களின் தொடக்கத்தில், நாகர்கோவிலில் சமயப்பணி செய்த மார்த்தா மால்ட் என்னும் ஆங்கில அம்மையார், தம் பள்ளிச் சிறுமியர்க்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்ணிய வேலை அது. அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. அடிமைகளாயிருந்த சில பெண்கள், ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்தால், அந்த நூலிழையின் வலிமை புலப்படும். அவ்வம்மையாரின் மகள் எலைசா, 1844-ஆம் ஆண்டில் தமிழறிஞர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, தாய் கற்பித்த கலையை அவ்வூர்ப் பெண்களுக்கும் கற்பித்தார்.

"எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் உங்கள் கடைக்கு என்ன மிஞ்சும்?" என்று நண்பரொருவர் கேட்டார். எங்கள் வட்டாரத்தின் வரலாறே அவருக்கு விடை. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அவ்விருவர் கற்றது அவர்களோடு நின்றுவிடவில்லை. ஊரெங்கும் பரவி, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று வளர்ந்து, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே தொழிலில் வெடிவிபத்தால் உயிர்களும் குடும்பங்களும் அழிந்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். செய்யும் முறை பரவிய வேகத்தில் காக்கும் முறையும் பரவியாக வேண்டும் என்பதே அதில் நாங்கள் கற்க வேண்டிய பாடம். எங்கள் கடைக்கும் இது பொருந்தும். பின்னத் தெரிந்தவர் மீண்டும் நூலுக்கு வருவார். தெரியாதவர் ஒருமுறை வாங்கியதைப் பரணில் போடுவார். என் இலாபம் இதில் குறைந்ததில்லை.

மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் மருந்து விற்கலாம். ஒருவர் உரம் விற்கலாம். ஒருவர் மின்கருவி விற்கலாம். வாங்குபவர் காசுக்குப் பொருளைப் பெறுகிறார். அப்பொருள் இன்னதென்றும், அதனால் விளையும் நன்மை தீமை இன்னவென்றும் அறியும் உரிமையும் அவருக்கு அந்தக் காசோடு சேர்ந்தே வருகிறது. அதை மறைத்து விற்பவன் பாதிப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான்.

அந்தப் பெண்மணி மறு மார்கழிக்குப் பருத்தி நூலில் ஒரு கைச்சட்டை பின்னினார். அதற்குரிய நூலை நான் விலையின்றிக் கொடுக்க முன்வந்தபோது மறுத்துவிட்டு, முழு விலையையும் எண்ணி வைத்தார். பிறகு குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, தம் மகளைக் கொண்டு அதில் ஒரு வரி எழுதச் செய்தார்: "இது பருத்தி. ஆலைக்கு அணியலாம்."