உங்கள் குடும்பத்தின் பெயர் எழுதப்பட்ட இடம்
பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் உள்ள அங்கிலிக்கன் ஆலயங்கள்: திரும்பி வருவோருக்கு ஒரு விளக்கம்

ஊருக்குத் திரும்பிய முதல் வாரத்தில் வீடு, அரிசி, பிள்ளைகளின் பாடசாலை என்று அலைச்சல் சரியாக இருக்கும். இரண்டாம் வாரத்தில்தான் வேறொரு கேள்வி வரும்: "இங்கே எங்களை யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்விதான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் பலர் அங்கேயும் இருக்க முடியாமல் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றார்கள். அன்று கையில் பிடித்துக் கூட்டிப் போன பிள்ளை இன்று பேரன் பேத்தியோடு திரும்புகிறது. பழைய லயத்தில் வேறு குடும்பம் இருக்கும். செக்ரோலில் பெயர் இருக்காது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் எப்போதோ போய்விட்டிருப்பார்கள். ஆனாலும் உங்கள் தாத்தாவின் பெயர் மையினால் எழுதப்பட்டு ஓர் அலுமாரியில் இன்னும் இருக்கக்கூடும். அந்த இடங்களில் ஒன்று ஆலயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் நிவாரணத்துக்கும் ஆலயத்துக்கும் தொடர்பில்லை. கூரைத்தகடோ உலர் உணவோ பெற எந்த ஆராதனைக்கும் போகத் தேவையில்லை. போகாததால் எதுவும் குறையாது. மனிதாபிமான அமைப்புகள் 1994ஆம் ஆண்டு முதல் ஏற்று நடக்கும் நடத்தைக் கோவையும் இதையே சொல்கிறது. யாராவது வேறு மாதிரிச் சொன்னால் எங்கள் கள உத்தியோகத்தரிடம் தெரிவியுங்கள். திரும்பி வருவோரில் பெரும்பாலானோர் சைவக் குடும்பங்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கங்கள் அங்கிலிக்கன் குடும்பங்களுக்கும், பாட்டன் காலத்தில் அப்படி இருந்தவர்களுக்கும், அயலில் நடப்பதை அறிய விரும்புவோருக்கும் எழுதப்பட்டவை.

எந்தச் சபைக்குப் போவது?

தமிழ்நாட்டில் இருந்தபோது சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனவர்கள் இங்கே வந்ததும் குழம்புவதுண்டு. அங்கே 1947இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த முதலான சபைகள் ஒன்றாக இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாகின. இலங்கையில் அத்தகைய இணைப்பைப் பற்றி நீண்ட காலம் பேசியும் அது நிறைவேறவில்லை. ஆகவே இங்கே அங்கிலிக்கன் சபை வேறு, மெதடிஸ்த சபை வேறு. அங்கிலிக்கன் சபையை 'இலங்கைத் திருச்சபை' என்பார்கள். அதற்கு 1845இல் தொடங்கிய கொழும்பு, 1950இல் தொடங்கிய குருநாகல் என இரண்டு மறைமாவட்டங்கள் உண்டு.

சி.எஸ்.ஐ. சபையும் உலக அங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் அங்கம். எனவே உங்கள் ஞானஸ்நானம் மீண்டும் கொடுக்கப்படாது, அது ஒருமுறைதான். திடப்படுத்தல் பெற்றவர்கள் அங்குள்ள ஐயரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் வேலை சுலபமாகும். வாங்கவில்லையென்றாலும் பரவாயில்லை, இங்குள்ள குருவானவர் எழுதிக் கேட்பார். சொற்கள் கொஞ்சம் மாறும். அங்கே 'திருவிருந்து' என்று சொன்னதை இங்கே 'நற்கருணை' என்று கேட்பீர்கள். 'ஐயர்' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் இங்கே 'ஃபாதர்' என்று கூப்பிடுவதைக் கேட்டு, கத்தோலிக்க கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று திகைக்க வேண்டாம்.

பதுளை நகரில் உள்ளது பரிசுத்த மாற்கு ஆலயம். அது நமக்காகக் கட்டப்பட்டதல்ல என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஊவாவில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தவரும் யானை வேட்டைக்குப் பேர்போனவருமான மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட இந்த ஆலயம் 1857இல் பிரதிட்டை செய்யப்பட்டது. தோட்டத் தமிழரிடையே சபை வளர்ந்த வழி வேறு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தமிழ் பேசும் உபதேசியார்களைக் கோப்பித் தோட்டங்களுக்கு அனுப்பியது. லயத்து வாசலில் கூடி ஜெபித்தவர்கள் பிறகு சிறிய ஆலயங்களைக் கட்டினார்கள். பெயர் நமக்கு உவப்பானதல்ல. பாடிய பாட்டு நம்முடையது.

இன்றும் ஒரே குருவானவர் பல தோட்டங்களுக்குப் போய் வர வேண்டியிருப்பதால், சிறிய ஆலயங்களில் எல்லா ஞாயிறும் ஆராதனை இருக்காது. மாதத்தில் எந்த ஞாயிறு தமிழ் ஆராதனை, எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பசறை, நமுனுகுல, மடுல்சீமைப் பக்கமிருந்து வருவோர் திரும்பிப் போகும் பஸ்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு சந்தியில் இரண்டு மணித்தியாலம் நின்றவர்கள் அடுத்த ஞாயிறு வருவதில்லை.

பதிவேடு

எங்கள் பார்வையில் இந்த விளக்கத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. பிறந்த திகதி, ஞானஸ்நானத் திகதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், வசித்த இடம், தகப்பனின் தொழில், ஞானப் பெற்றோர், குருவானவரின் கையொப்பம். 'வசித்த இடம்' என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் எரிந்தோ தொலைந்தோ போன குடும்பத்துக்கு, அல்லது பிறப்பே பதியப்படாதவருக்கு, அந்த ஒரு வரி பெரிய உதவி.

பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, பதிவு இல்லை என்பதைக் காட்டும் தேடுதல் பெறுபேறு, கிராம உத்தியோகத்தரின் சான்று, பாடசாலைப் பதிவு ஆகியவற்றோடு ஞானஸ்நானச் சான்றிதழையும் ஆதாரமாகக் கொடுக்கலாம். பிரஜாவுரிமை விடயத்திலும் அது கைகொடுக்கும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியினரையும் பற்றியது. இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களையும் உள்ளடக்க 2009இல் அது திருத்தப்பட்டது. அந்தத் திகதிக்கு முன் உங்கள் தகப்பனுக்கோ பாட்டனுக்கோ இங்கே ஞானஸ்நானம் நடந்திருந்தால், குடும்பம் அன்று இந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதற்கு அது ஓர் எழுத்துச் சாட்சி. ஆனால் ஞானஸ்நானச் சான்றிதழ் பிரஜாவுரிமை தராது. அடையாள அட்டைக்குப் பதிலாகவும் நிற்காது. "கோயில் கடிதம் போதும்" என்று சொல்லிப் பணம் கேட்கும் தரகர்களை நம்பாதீர்கள்.

ஆலயத்தில் நடந்த திருமணமும் அப்படியே தேடக்கூடியது. பதிவு செய்யப்பட்ட வழிபாட்டிடத்தில் குருவானவர் நடத்தி வைக்கும் திருமணம் சட்டப்படியான பதிவுத் திருமணம். அதன் பிரதி மாவட்டப் பதிவாளருக்குப் போயிருக்கும். ஆலயத்தில் இல்லாவிட்டால் அங்கே தேடலாம்.

தேடும்போது சில சிக்கல்கள் வரும். பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கும். ஆறுமுகம் என்ற ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். தோட்டத்தின் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் பாட்டிக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் மட்டுமாக இருக்கலாம். ஊரில் உள்ள முதியவர் ஒருவரைக் கேட்டால் எந்தப் பெயர் எந்தத் தோட்டம் என்று உடனே சொல்லிவிடுவார். வருடம் தெரியாவிட்டால் பாட்டியிடம் வருடத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். "பண்டாரநாயக்கா சுடப்பட்டதற்குப் பிறகு" என்றால் 1959. "பஞ்சத்தில் மரவள்ளி தின்ற காலம்" என்றால் 1973, 1974. "தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு" என்றால் 1972க்கும் 1975க்கும் பிந்தியது. இப்படி ஐந்து வருடத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் தேடுபவருக்குப் பாதி வேலை முடிந்தது. இந்த விபரங்களையும் ஞானப் பெற்றோரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்த நெரிசலில் அல்லாமல், முன்கூட்டிக் கேட்டு ஒரு வாரநாளில் போங்கள்.

பதிவேட்டில் 'மேரி' என்றும் அடையாள அட்டையில் 'மாரியாயி' என்றும் இருந்தால் பதற வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவருடையது என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கலாம். எங்கள் சட்ட உதவிப் பிரிவு அதை எழுதித் தரும்.

வருகிற கூட்டங்கள்

திகதிகளை ஒவ்வொரு ஆலயமும் தானே தீர்மானிக்கும். எதற்கு எப்போது காதைத் தீட்டி வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம். ஏப்ரல் 25 பரிசுத்த மாற்குவின் திருநாள். பதுளை ஆலயத்தின் பெயர் கொண்ட நாள். ஹப்புத்தளை அந்திரேயா ஆலயத்துக்கு அது நவம்பர் 30. பெரிய வெள்ளியன்று அரசாங்க விடுமுறை என்பதால் தூரத்துத் தோட்டத்தாரும் வருவார்கள். பழைய அயலவரைத் தேடுகிறவர்களுக்கு அது நல்ல நாள்.

அறுவடைத் திருவிழாவில் மக்கள் தோட்டத்து மரக்கறி, வாழைக்குலை, பூசணி, பலாக்காய் எல்லாம் கொண்டுவந்து படைத்து, ஆராதனைக்குப் பின் ஏலம் போடுவார்கள். ஒரு பூசணிக்காய் கடை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். அது வேடிக்கையும் காணிக்கையுமாகச் செய்யும் காரியம். நீங்கள் ஏலத்தில் கை தூக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெறுங்கையோடு போக வெட்கமென்றால் ஒரு பிடி முருங்கைக்கீரை போதும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்திய நாட்களில் கல்லறைகளைத் துப்புரவு செய்வார்கள். விட்டுப் போன தாய் தகப்பனின் குழியைத் தேடும் உங்களுக்கு அந்த நாட்கள் உதவும். மண்வெட்டியோடு வரும் முதியவர்களுக்கு யார் எங்கே என்று நினைவிருக்கும். தோட்டங்களில் பல குழிகளுக்குக் கல் இல்லை, ஒரு மரமோ பாறையோதான் அடையாளம். சில இடங்களில் அதுவும் இருக்காது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்தபோது லயங்களோடு மக்களும் புதைந்தார்கள். எல்லா உடல்களும் கிடைக்கவில்லை. குழி கிடைக்காதவர்கள் ஆராதனையில் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலில் தங்கள் உறவினரின் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம். முந்திய ஞாயிறே எழுதிக் கொடுங்கள்.

டிசம்பரில் கரோல் பாடுவோர் லயம் லயமாக வருவார்கள். உங்கள் காம்பராவுக்கும் வர வேண்டுமென்றால் ஆலயத்துக்குச் சொல்லி வையுங்கள்; புதிதாக வந்த வீட்டை அவர்கள் அறியமாட்டார்கள். பிளேன்டீயும் ஒரு பிஸ்கட்டும் தாராளம்.

ஒருவரும் சொல்லித் தராத கூட்டம் ஒன்று உண்டு: வருடாந்தப் பொதுக்கூட்டம். தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு, தோட்டத்து ஆலயத்தின் கூரையை யார் திருத்துவது, வாகனம் எந்தப் பக்கம் போவது என்பதெல்லாம் பேசப்படுவது அங்கேதான். வாக்களிக்க உங்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்க வேண்டும். பொதுக்கூட்டம் அறிவிக்கப்படும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். போகும் முதல் மாதமே குருவானவரிடமோ செயலாளரிடமோ வீட்டிலுள்ள எல்லார் பெயரையும், பெண்களின் பெயரையும் சேர்த்து, எழுதிக் கொடுங்கள். ஞாயிறு பாடசாலைக்குப் பிள்ளைகளின் பெயரையும் அதே தாளில் எழுதலாம். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டு இங்குள்ள பிள்ளைகள் ஒரு மாதம் சிரிப்பார்கள். பிறகு இவர்களும் 'லயன்', 'பெரட்டு' என்று பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பதிவேட்டைத் தேடக் கடிதம் எழுதவோ ஆங்கிலப் பதிவை வாசிக்கவோ உதவி வேண்டுமானால், உங்கள் பகுதிக்கு எமது கள உத்தியோகத்தர் வரும் நாளில் அந்தத் தாளையும் கையோடு கொண்டு வாருங்கள்.