நெருக்குதலை வெல்லும் நெறி
(உதைபந்தாட்டத்திற் பந்துடைய அணி கைக்கொள்ளத்தக்க உபாயங்கள் சில)

உதைபந்தாட்டம் காலால் ஆடப்படுவதாயினும், அதன் வெற்றி தோல்வியை வகுப்பது அறிவே என்பது பயின்றோர் கண்ட உண்மை. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே கனமூலை, மதுரங்குளி, முந்தல், உடப்பு, கற்பிட்டி முதலாய ஊர்களில் இவ்விளையாட்டின்மீது இளைஞர் கொண்டுள்ள பற்று யாவரும் அறிந்ததே. நம் பிள்ளைகளிடம் வேகமுண்டு, துணிவுண்டு, நெடுநேரம் ஓடும் மூச்சுமுண்டு. ஆயினும் எதிரணியார் இருவர் மூவராய்ப் பாய்ந்து வந்து நெருக்கும்பொழுது, அவை யாவும் பயனின்றி ஒழிவதைப் பலகாலும் காண்கின்றோம். பந்து இலக்கின்றி வானை நோக்கி உதைக்கப்படுகின்றது. அன்றேற் காலடியிலேயே பறிகொடுக்கப்படுகின்றது.

அவ்வாறு பறிகொடுத்தவனைச் சூழ நின்றோர் வைவர். பதினைந்து வயதுப் பிள்ளையொருவன் இத்தகைய வசையைக் கேட்டபின் மறுவாரம் மைதானத்துக்கு வாராதொழிதலும் உண்டு. பழி உண்மையில் அவனுடையதுதானா? அன்றி, அவனைத் தனியே விட்டு நின்ற பதின்மருடையதா? இவ்வினாவுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கும் உதைபந்துக்கும் யாது தொடர்பு என வினவுவாரும் உளர். சொற்கள் கூடிப் பொருள் தருதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை என்னும் மூன்றும் வேண்டும் என இலக்கண நூலார் கூறுவர். ஒருவன் காலிலிருந்து மற்றொருவன் காலுக்குப் பந்து செல்லுதற்கும் இம்மூன்றே வேண்டும். பெறுவோன் அவாவி நிற்றல் வேண்டும். பெறத்தக்க நிலையில் நிற்றல் வேண்டும். எட்டும் அண்மையில் நிற்றல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் தொடர் அறுந்துபோம்.

நெருக்குதலின் இயல்பு

நெருக்குதலாவது, பந்தை இழந்த அணி தன் கோலை நோக்கிப் பின்வாங்காது, பந்துடையானை அவன் எல்லையிலேயே சென்று சூழ்ந்து, சிந்திக்கும் அவகாசத்தை அவனிடமிருந்து பறித்தலாம். 1966, 1967, 1968 ஆகிய மூன்றாண்டுகளிலும் சோவியத்து நாட்டின் வாகையைச் சூடிய கீவ் டைனமோ அணியைப் பயிற்றிய விக்டர் மஸ்லோவ் இம்முறையை ஒழுங்குபட வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். றைனஸ் மிக்கெல்ஸ் பயிற்றிய ஒல்லாந்து அணி 1974 உலகக் கிண்ணப் போட்டியில் இதனை உலகறியச் செய்தது. இன்று பாடசாலை அணிகளும் இதனைக் கைக்கொள்கின்றன.

நம் கரையோரத்தார்க்கு இதனை விளக்கக் கரைவலையினுஞ் சிறந்த உவமை வேண்டியதில்லை. வலையின் இரு தலைப்பும் கரையை நோக்கி இழுக்கப்படுந்தோறும் மீனுக்குள்ள நீர்ப்பரப்புச் சுருங்குகின்றது. மடி கரையேறிய பின் துள்ளிப் பயனில்லை. தலைப்புகள் கூடுமுன் வெளியேறிய மீனே பிழைக்கும். நெருக்குதலும் அத்தகையதே. அது முற்றும் இறுகிய பின் மாற்றுத் தேடுதல் வீண். இறுகுமுன் வெளியேறும் வாயில் எங்குளது என அறிதலே உபாயம்.

அவ்வாயில் என்றும் உண்டு. ஓரிடத்தில் ஆட்களைக் குவிப்போர் மற்றோரிடத்தை வெறிதாக்கியே குவித்தல் கூடும். அஃதெவ்விடம் என அறிதற்குத் திருக்குறளில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று அதிகாரங்களின் பெயர்களே நமக்குப் போதியன. அவை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன.

வலியறிதல்

முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரு பக்கத்தும் பதினொருவர் உளரெனினும், எதிரணியின் பந்துக்காப்பாளர் தம் கோலை விட்டு வந்து நம்மை நெருக்குதல் வழக்கமன்று. நம் பந்துக்காப்பாளரோ பந்துப் பரிமாற்றத்திற் பங்குகொள்ளலாம். ஆகவே பந்து நம்மிடம் உள்ளவரை களத்தில் நாம் பதினொருவர்; அவர் பதின்மர். இந்த ஒருவன் மிகுதியே நெருக்குதலை உடைக்கும் ஆணிவேர்.

எதிரணியார் மூவரை அனுப்பி நெருக்குவராயின், நம் நடுப் பின்களத்தவர் இருவர், பந்துக்காப்பாளர், கீழிறங்கி வரும் நடுக்களத்தவன் ஒருவன் என நால்வர் அவ்விடத்து நிற்றல் வேண்டும். மூவரால் நால்வரை ஒருங்கே மறித்தல் இயலாது. அவர் நால்வரை அனுப்பின், நாம் ஐவராதல் வேண்டும். அவர் ஆளுக்கு ஆளாய் அனைவரையும் முன்னே அனுப்புவராயின், அவர்தம் பின்புலம் வெறுவெளியாயிற்று என்று பொருள். அப்பொழுது குறும் பரிமாற்றத்தை விடுத்து, நெடும் பந்தொன்றை அவ்வெளியில் இட்டு, விரைந்தோடும் முன்களத்தவனை ஏவுதலே தக்கது. எனவே குறும் பந்தோ நெடும் பந்தோ எனப் பிடிவாதமாய் ஒன்றையே பற்றி நிற்றல் அறிவுடைமையன்று. எதிரணி எத்தனை பேரை அனுப்பியது என்பதே விடையைத் தருவது.

விதிகளின் மாற்றத்தையும் இங்கே கருதுதல் வேண்டும். முதிய பழைய மாணவர் ஆடிய நாளிற் பந்தைப் பின்னே தட்டினாற் காப்பாளர் கையால் எடுத்துக்கொள்வர். நெருக்குதல் அத்துடன் முடியும். 1992 இல் வந்த விதி, தன் அணியினன் வேண்டுமென்றே காலால் உதைத்துக் கொடுத்த பந்தைக் காப்பாளர் கையாலே தொடலாகாது என்றது. அதனாற் காப்பாளரும் காலாற் பந்தாளக் கற்றல் இன்றியமையாததாயிற்று. 2019 இல் வந்த விதியோ பந்துடையார்க்குத் துணைசெய்தது. அதற்குமுன் கோல் உதையில் எழும் பந்து தண்ட எல்லையைக் கடந்த பின்னரே ஆட்டத்துக்கு வந்ததாகும். இன்று உதைத்து அசைந்த அளவிலேயே வந்ததாகும். அதுவரை எதிரணியார் எல்லைக்கு வெளியே நிற்றல் வேண்டும். ஆகவே எல்லைக்குள் நிற்கும் பின்களத்தவன் பந்தைப் பெறுதற்குச் சிறிது அவகாசம் உண்டு.

காலமறிதல்

நெருக்குவோர் எப்பொழுதும் பாய்வதில்லை. சில குறிகளைக் கண்டே பாய்வர். பந்து காலிற்பட்டுத் தெறித்தல், பெறுவோன் தன் கோலையே நோக்கி நிற்றல், மெலிந்த வேகத்திற் பின்னே கொடுக்கப்படுதல், பக்கக் கோட்டருகே நிற்பவனுக்குச் செல்லுதல் என்பன அவை. இக்குறிகளை எதிரணிக்குக் காட்டாதிருத்தலே முதற்காப்பு.

அதற்கு வழி மூன்று. ஒன்று, பந்து வருமுன்னரே இரு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்து, எவன் எங்குளன் என்பதை மனத்திற் கொள்ளல். வந்தபின் பார்ப்பவன் காலங் கடந்தவனாவான். இரண்டு, உடலைப் பக்கவாட்டில் திறந்து நின்று, களத்தின் பெரும்பகுதியும் கண்ணிற்படுமாறு பெறுதல். மூன்று, மூன்றாம் ஆளின் துணை. பந்துடையானுக்கும் கோல் நோக்கும் நடுக்களத்தவனுக்கும் இடையே எதிரி நிற்பானாயின், நேரே கொடுத்தல் அரிது. அப்பொழுது சற்று முன்னே நிற்கும் வேறொருவனுக்குக் கொடுக்க, அவன் ஒரே தொடுகையில் அந்நடுக்களத்தவனுக்குத் தட்டிவிடுவான். எதிரி பந்தைப் பின்தொடர்ந்து முகந்திருப்புமுன் பந்து அவனைக் கடந்திருக்கும்.

விரைதலைப் போலவே தாழ்த்தலும் ஓர் உபாயமாம். எதிரி வாராது நிற்பின் நாம் விரையவேண்டியதில்லை. பந்தின்மேற் காலை வைத்து நின்று, அவனை வரவிட்டு, அவன் தன் இடம் விட்டு வந்த கணத்தில் அவன் விட்ட இடத்துக்கே பந்தைச் செலுத்துதல் வேண்டும். கிளித்தட்டு ஆடும் சிறுவர் இதனைக் கல்லாமலே அறிவர். கோட்டிற் காவல் நிற்பவனை ஒருவன் ஒரு மூலைக்கு ஆசை காட்டி இழுக்க, மற்றொருவன் மறுமூலையாற் கடந்து செல்வான். இழுத்தவன் கடக்கவில்லை, ஆயினும் கடந்ததிற் பாதி அவனுடையதே.

இடனறிதல்

இடம் குறுகக் குறுக நெருக்குதல் வலிமை பெறும். விரிய விரிய அது மெலியும். ஆதலாற் பந்து கிடைத்தவுடன் நம் அணி விரிதல் வேண்டும். நடுப் பின்களத்தவர் இருவரும் தண்ட எல்லையின் இரு பக்கத்துக்கும் அகல்க; ஓரப் பின்களத்தவர் பக்கக் கோட்டை ஒட்டி முன்னேறுக; நடுக்களத்தவன் ஒருவன் இடைவெளியில் இறங்குக. ஒரு பக்கத்தில் எதிரணியார் திரண்டவுடன், பந்தைக் காப்பாளர் வழியாகவோ நெடும் உதையாலோ மறுபக்கத்துக்கு மாற்றுக. பத்துப்பேர் இடம்பெயர்வதினும் பந்து விரைந்து செல்லும்.

முன்களத்தவன் இறங்கி வருதலும் அரிய உபாயமே. 1953 நவம்பர் 25 இல் இலண்டன் வெம்பிளி மைதானத்தில் அங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என வென்றது. அங்கேரியின் நடு முன்களத்தவர் இதெக்குற்றி தமக்குரிய இடத்தில் நில்லாது பின்னே இறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து செல்வதா, தம் இடத்தில் நிற்பதா என இங்கிலாந்தின் நடுக்காவலர் தடுமாறினார். சென்றாற் பின்னே வெளி. நின்றால் இதெக்குற்றிக்கு விடுதலை. அன்று அவர் அடித்த கோல்கள் மூன்று.

நம் மண்ணின் இயல்பையும் மறத்தலாகாது. மணற்பாங்கான நிலத்திற் பந்தின் வேகம் விரைவிற் குன்றும். மெல்லத் தட்டிய பந்து பாதிவழியிற் சோர்ந்து எதிரிக்கு உணவாகும். ஆகவே இங்கே குறும் பந்தையும் உறுதியாகவே செலுத்துதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் காற்றை எதிர்த்து உயர உதைத்த பந்து மீண்டும் நம் தலைக்கே வரும். அந்தப் பாதியிற் பந்து நிலத்தோடு செல்க. காற்று நமக்குப் பின்னின்று வீசும் பாதியில், எதிரணியின் பின்புலத்துக்கு நெடும் பந்தை இடுக. நம் பாதியிலிருந்து ஓடத் தொடங்குவோனுக்கு ஓப்சைட் இல்லை என்பதும், கோல் உதையிலும் பக்கக்கோட்டு எறிதலிலும் நேரே பெறும் பந்துக்கு அது இல்லை என்பதும் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கன.

வழி யாவும் அடைபட்டவிடத்துப் பந்தை வெளியே உதைத்தல் இழுக்கன்று. இழுக்காவது, வழி திறந்திருக்கவும் அச்சத்தால் அதனைக் காணாது உதைத்தலே.

அமெரிக்கர் ஆட்டம் தரும் பாடம்

அமெரிக்கர் தம் நாட்டிற் காற்பந்து என வழங்கும் ஆட்டம் பெரும்பாலும் கையாலும் தோளாலும் ஆடப்படுவது. எனினும் நெருக்குதற் சிக்கல் அங்கே இன்னுந் தெளிவாய் விளங்குகின்றது. அங்கே பந்தை எறியும் தலைவனை ஐவர் வரிசையாய் நின்று காப்பர். எதிரணியார் அவ்வரிசையைப் பிளந்து, அவன் எறியுமுன் அவனை வீழ்த்தப் பாய்வர். அவர்கள் கண்ட மாற்றுகள் நான்கு. காவலுக்கு மேலும் ஒருவனை நிறுத்தல். வந்த பந்தை உடனே குறுந்தொலைவுக்கு எறிதல். பாய்வாரை வேண்டுமென்றே உள்ளே வரவிட்டு, அவர் விட்டுவந்த வெளியில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுத்தல். எறிவதுபோற் காட்டி ஓடுவோன் கையிற் கொடுத்தல் என்பன.

1981 ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியில் லோறன்ஸ் ரெயிலர் என்னும் இளைஞர் பாய்ச்சலிற் பேர்பெற்றார். அத்தகையாரை உடல் சிறுத்த ஓட்டக்காரன் ஒருவன் மறித்தலே அக்கால வழக்கம். 1982 சனவரியில் நடந்த ஆட்டத்திற் சான்பிரான்சிஸ்கோ அணியின் பயிற்றுநர் பில் வோல்ஷ், வரிசையில் நின்ற பேருடற் காவலர் ஜோன் அயர்ஸ் என்பவரை அவருக்கெதிரே அனுப்பினார். சான்பிரான்சிஸ்கோ 38-24 என வென்றது. ஆட்டம் வேறாயினும் நெறி ஒன்றே. பாய்வோனைக் குறித்து அஞ்சுதல் வேண்டா. அவனுக்கு எதிராக எவனை, எங்கே, எப்பொழுது நிறுத்துவது எனத் துணிதலே வேண்டுவது.

ஐதராபாத்து ஆசிரியர்

நம் அயல்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1952 எல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் இந்திய அணி யூகோசிலாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. அவ்வணியின் பயிற்றுநர் சையது அப்துல் றகீம், ஐதராபாத்திற் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றியவர். தோல்வியைப் பழியாக்காது பாடமாக்கிய அவர், அங்கேரியர் முறையை ஆராய்ந்து, விரைந்த பரிமாற்றத்தையும் இறங்கி ஆடும் முன்களத்தவனையும் தம் அணிக்குப் பழக்கினார். 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் அவ்வணி நான்காம் இடம்பெற்றது. 1962 யக்கார்த்தா ஆசிய விளையாட்டில் முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்ற இந்தியா, இறுதியாட்டத்தில் அதே அணியை 2-1 என வென்று தங்கம் பெற்றது. தலையிற் காயமுற்ற பின்களத்து வீரர் ஜர்னைல் சிங்கை றகீம் முன்களத்துக்கு மாற்றினார். வெற்றிக் கோல்களுள் ஒன்று அவருடையதே. நோயுற்றிருந்த றகீம் மறுவருடம் காலமானார்.

நம் நாடும் 1995 இற் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தென்னாசியத் தங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியதை இங்கே நினைதல் தகும்.

பயிற்சியும் பண்பும்

இவற்றைப் பழகப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பத்து அடிவைப்பு நீளமுள்ள ஒரு சதுரத்தை நான்கு தேங்காய் மட்டைகளாற் குறித்து, நால்வர் ஓரங்களிலும் இருவர் நடுவிலும் நிற்க. நால்வரும் இரண்டு தொடுகைக்குள் பந்தைக் கொடுத்து வாங்குக. நடுவிலுள்ளார் பறிக்க முயல்க. பறிகொடுத்தவன் நடுவே செல்க. நாடோறும் கால்மணி நேரம் இதனைச் செய்யின், சிலவாரங்களிற் கால் பழகும். கண் அதற்குமுன் பழகும். பின்னர்ச் சதுரத்தைச் சுருக்குக.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நெருக்கப்பட்டவனுக்கு இடமும் வலமும் பின்னும் மூவர் வந்து நின்றிருந்தும் அவன் பந்தை இழந்தானாயின், அவன் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஒருவரும் வாராதிருக்க இழந்தானாயின், கற்கவேண்டியவர் பதின்மர். களத்திற் காண்பது பெரும்பாலும் பின்னதே. ஆகவே, மாணவர்காள், பந்து உங்களிடம் இல்லாத வேளையிலேயே உங்கள் கடமை பெரிதென்று அறியுங்கள். பழைய மாணவர்களே, நீங்கள் வழங்கும் கிண்ணங்களையும் சீருடைகளையும் நன்றியோடு ஏற்கின்றோம். அவற்றோடு மாலையில் ஒருமணி நேரத்தையும் வழங்குங்கள். கோட்டருகே நின்று, பந்தை இழந்த பிள்ளையை வையாது, அவனுக்குத் துணைசெல்ல மறந்தவனைப் பெயர்சொல்லி அழையுங்கள். அன்றுமுதல் அப்பிள்ளை மறுவாரமும் மைதானத்துக்கு வருவான்.