மரம் சீவும் கத்தி

சீவும் கத்தி மழுங்கினால் பட்டை பிய்ந்து ரப்பர் மரத்தில் காயம் படும். காயம் ஆறினாலும் அங்கே முண்டு கட்டும். மறுமுறை அந்த இடத்தில் ஒழுங்காகச் சீவ முடியாது.

கத்திக்குக் கூர் நிற்பது எதனால்? சுத்தமான இரும்பு மெதுவானது. அதன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. எலெக்ட்ரான்கள் சில எந்த அணுவுக்கும் தனிச் சொந்தமில்லாமல் பொதுவாக உலவி, எல்லாவற்றையும் பிணைக்கின்றன. ஆகவே, தட்டினால் அடுக்குகள் உடையாமல் வழுக்கும்.

இதில் நூற்றுக்கு ஒரு பங்களவு கார்பன் சேர்ந்தால் எஃகு. நம் அடுப்புக் கரியில் உள்ள அதே கார்பன்தான்! செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால், சிறிய கார்பன் அணுக்கள் இரும்பு அணுக்களின் இடுக்கில் சிக்கி, வழுக்கவிடாமல் முட்டுக் கொடுக்கும். கத்தி கெட்டிப்படும்.

மின்சாரச் சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாரிக்கும். சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸ் எட்டிவிட்டது என்று பொருள். சிக்கியிருந்த கார்பன் இடம்பெயர்ந்து தனித் துகளாகத் திரளும், முட்டு தளர்ந்துவிடும். நீலம் படர்ந்த பகுதியைத் தேய்த்து நீக்கும்வரை கூர் நிலைக்காது. சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்தெடுங்கள். அன்றாடத் தீட்டலுக்கு ஈரமான கைக்கல் போதும்.