பெயர் தெரியாத வீட்டு மாமரத்தின் வகையை அறிதல்

பெயர் தெரியாத வீட்டு மாமரத்தின் வகையை அறிதல் என்பது, நட்டவர் யார், கன்று எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லாத ஒரு மாமரத்தை அதன் தண்டு, கொட்டை, இலை, பூ, காய்ப்புக் காலம், கனி ஆகியவற்றைக் கொண்டு இனங்காணும் முறையாகும். மா, முந்திரி இடம்பெறும் அனகார்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியல் பெயர் மாஞ்சிபெரா இண்டிகா. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் மா வகைகள் இருப்பதாகக் கூறுவர். அவற்றுள் பரவலாகச் சந்தைக்கு வருபவை சில பத்துகளே.

வடசென்னையில் காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளின் பழைய வீடுகளில், புழக்கடைக் கிணற்றோரம் நிற்கும் மாமரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டாருக்கு அது "தாத்தா காலத்து மரம்". காயை மீன் குழம்பில் போடுவார்கள். மிஞ்சியதை ஊறுகாய் போடுவார்கள். பெயர் கேட்டால் ஒருவர் ருமானி என்பார், மற்றொருவர் நாட்டு மா என்பார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரண்டுமே தவறாகவும் இருக்கலாம்.

முதற் கேள்வி: ஒட்டு மரமா, கொட்டை முளைத்த மரமா?

மாமரம் இரண்டு வழிகளில் வீட்டுக்கு வருகிறது. ஒன்று, நாற்றங்காலில் வாங்கிய ஒட்டுக்கன்று. பெயர் பெற்ற தாய்மரத்தின் கிளைத்துண்டை வேறொரு மாங்கன்றின் மேல் பொருத்தி வளர்ப்பது ஒட்டு. அக்கிளையில் வளரும் மரம் தாய்மரத்தின் அச்சாகவே இருக்கும். எனவே ஒட்டு மரத்துக்கு ஒரு பெயர் உண்டு. நாம் அதைக் கண்டுபிடித்தால் போதும்.

மற்றொன்று, தின்று எறிந்த கொட்டை முளைத்த மரம். சென்னையின் காய்கனி மொத்த வணிகம் 1996ஆம் ஆண்டு கோயம்பேட்டுக்கு மாறும் வரை, வடசென்னைக்கு அருகிலுள்ள கொத்தவால் சாவடியில் நடந்தது. அங்கிருந்து வீடு வந்த பழங்களின் கொட்டைகள் பல புழக்கடைகளில் விழுந்திருக்கும். அப்படி முளைத்த மரம் தாயின் அச்சாக இருப்பதில்லை. பூவில் நடந்த மகரந்தச் சேர்க்கையால் தாய், தந்தை இரண்டின் பண்புகளும் கலந்து வருகின்றன. பங்கனப்பள்ளிக் கொட்டையிலிருந்து வளர்ந்த மரம் பங்கனப்பள்ளியின் பிள்ளை. அது பங்கனப்பள்ளி ஆகாது.

இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உள்ளன. ஒட்டு மரத்தின் அடித்தண்டில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், ஒரு வீக்கமோ வளைவோ பட்டையின் தன்மையில் மாற்றமோ தெரியலாம். மிக முதிர்ந்த மரத்தில் இது மறைந்துவிடக்கூடும். நட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்த்ததாக வீட்டார் நினைவில் இருந்தால் அது பெரும்பாலும் ஒட்டு. கொட்டைக் கன்று காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும்.

"பேர் சொல்லித்தான் வாங்கினோம், ஆனால் பழம் நார் நாராக இருக்கிறது" என்று சிலர் குறைப்படுவதுண்டு. இளம் வயதில் ஒட்டுக்கிளை பட்டுப்போய், அடியிலிருந்த வேர்ச்செடி துளிர்த்து மரமாகியிருந்தால் இப்படி நேரும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய கிளைகளை அகற்றாமல் விட்டாலும் ஒரே மரத்தில் இருவகைக் கனிகள் தோன்றலாம்.

கொட்டை தரும் சான்று

கனியைத் தின்றபின் கொட்டையின் கடினமான ஓட்டைக் கவனமாகப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்பை ஈரமணலில் ஊன்றலாம். மாங்கொட்டை முளைப்புத் திறனை விரைவில் இழக்கும் என்பதால் சில நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். சுமார் இரண்டு, மூன்று வாரங்களில் முளை வரும்.

ஒரு கொட்டையிலிருந்து ஒரே கன்று வந்தால் அது ஒற்றைக்கரு வகை. தனித்தனி வேருடன் இரண்டு, மூன்று கன்றுகள் வந்தால் பல்கரு வகை. ஒரே கன்று அடியில் கிளைத்திருப்பதைப் பல்கரு என எண்ணிவிடக் கூடாது. மெதுவாகப் பிடுங்கி வேர்களைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிறு சோதனை பல பெயர்களை ஒரே அடியில் நீக்கிவிடும். பங்கனப்பள்ளி, நீலம், ருமானி, மல்கோவா, கிளிமூக்கு, அல்போன்சா ஆகியவை அனைத்தும் ஒற்றைக்கரு வகைகள். ஆகவே பல்கருவாக முளைக்கும் மரம் இவற்றுள் எதுவும் அன்று. இந்தியாவின் மேற்குக் கரையில் வழங்கும் சில வகைகளும், தென்கிழக்கு ஆசிய வகைகள் பலவும் பல்கரு கொண்டவை.

இலை, தளிர், பூ

இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல இயலாது. ஆனால் ஐயப்படும் இரு வகைகளைப் பிரிக்க இலை உதவும். முதிர்ந்த பத்து இலைகளின் நீள அகலம், விளிம்பு அலையா நேரா, நுனி கூரா மழுங்கலா, கசக்கினால் வரும் மணம், தளிரின் நிறம் (செம்பு, இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை), பூங்கொத்தின் காம்பு நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரைப் பகுதியில் ஓர் எச்சரிக்கை தேவை. மா உப்பைத் தாங்கும் மரமன்று. காசிமேடு போன்ற இடங்களில் கடற்காற்று படும் பக்கத்து இலைகளின் நுனியும் விளிம்பும் கருகலாம். அது வகையின் அடையாளம் அன்று. காற்றுக்கு மறைவான பக்கத்து இலைகளையே அளக்க வேண்டும். மண்ணும் நீரும் சரியில்லாத இடத்தில் கனியும் சிறுத்துப்போகும் என்பதால் எடையைவிட வடிவத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

கனியைப் பார்க்கும் முறை

காம்பை ஒட்டிய தோள் பருத்து நிரம்பிய காய்களைப் பறித்து, வைக்கோலில் இயல்பாகப் பழுக்கவைக்க வேண்டும். பறிக்கும்போது காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாக்கும். ஒரு கனியை வைத்து முடிவு செய்யாமல் பத்துக் கனிகளையாவது பார்ப்பது நல்லது. மூக்கு இருக்கிறதா, காம்பு பள்ளத்தில் உள்ளதா மேட்டிலா, தோல் தடிப்பு, சதையின் நிறம், கொட்டையில் நார் எவ்வளவு என்பவை முதன்மையானவை. சென்னையில் பொதுவாகக் கிடைக்கும் வகைகளின் அடையாளங்கள் பின்வருமாறு:

பங்கனப்பள்ளி: பெரிய, சற்றுச் சாய்ந்த முட்டை வடிவம், மெல்லிய வழவழப்பான தோல், பழுத்தால் சீரான பொன்மஞ்சள், நாரற்ற கெட்டிச் சதை. 2017ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்துக்குப் புவிசார் குறியீடு பெற்றது.

ருமானி: ஆப்பிள் போன்ற உருண்டை, மெல்லிய தோல், மூக்கு எடுப்பாகத் தெரியாது.

கிளிமூக்கு: நீண்ட வடிவம், கூரிய மூக்கு; காயாகவே அதிகம் உண்ணப்படுகிறது.

நீலம்: நடுத்தர அளவு, பருவத்தின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வரும், ஆண்டுதோறும் காய்க்கும். வெளியே பழுதின்றித் தோன்றும் பழத்தின் கொட்டைக்குள் வண்டு இருப்பது இதில் அடிக்கடி காணப்படும்.

மல்கோவா: பெரிய, கனமான, உருண்டைக் கனி, நாரற்ற சதை, காய்ப்புக் குறைவு.

செந்தூரா: காம்புப் பக்கம் சிவந்த மேனி, பருவத்தின் தொடக்கத்திலேயே வரும்.

ஐயப்படும் வகையின் பழத்தைக் கடையில் வாங்கி, வீட்டுப் பழத்தோடு பக்கத்தில் வைத்து அறுத்துப் பார்ப்பதே எளிய ஒப்பீடு. வடிவம் ஒத்து, காலமும் கொட்டையும் ஒத்து, இரண்டு பருவங்களிலும் அவ்வாறே இருந்தால் பெயரை ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். வடிவம் மட்டும் ருமானியைப் போன்று, சதை நாராகவும் கொட்டை பெரிதாகவும் இருந்தால், ருமானிக்கு உறவான கொட்டைமரம் என்று ஐயுறலாம். ருமானி என்று எழுதக் கூடாது.

ஒரே மா, பல பெயர்கள்

பெயர்க் குழப்பமும் தேடலைக் கெடுக்கும். கிளிமூக்கே பெங்களூரா என்றும் தோதாபுரி என்றும் வழங்குகிறது. பங்கனப்பள்ளிக்குப் பேனிஷான் என்ற பெயர் உண்டு. அல்போன்சாவைக் கர்நாடகத்தில் பாதாமி என்றும் சேலம் பகுதியில் குண்டு என்றும் அழைப்பர். எனவே அண்டை வீட்டார் இருவர் வெவ்வேறு பெயர் சொன்னால், அவை ஒரே வகையின் பெயர்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மரபணுச் சோதனை

ஆய்வகங்களில் இலையின் மரபணுக் குறியீடுகளைத் தெரிந்த வகைகளோடு ஒப்பிட்டு இனங்காண முடியும். ஒட்டு மரமாக இருந்து, அவ்வகை ஒப்பீட்டுத் தொகுப்பில் இருந்தால் பெயர் கிடைக்கும். கொட்டைமரமாக இருந்தால் பெற்றோர் யாராக இருக்கலாம் என்பது மட்டுமே தெரியவரும்.

பெயரில்லாத மரத்தின் மதிப்பு

எல்லாம் பார்த்தபின் "இது எந்த வகையிலும் சேரவில்லை" என்பதே முடிவானால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. இன்று பெயர் பெற்ற வகைகள் பலவும் ஒருகாலத்தில் பெயரில்லாத ஒற்றை மரங்களே. தசேரி மாவுக்கு அப்பெயர் வந்தது, இலட்சுமணபுரிக்கு (லக்னோ) அருகே தசேரி சிற்றூரில் நிற்கும் தாய்மரத்தால்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான சான்றும் உண்டு. மல்கோவா என்ற பெயரில் 1889இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒட்டுக்கன்றுகள் அனுப்பப்பட்டன. அவ்வழிவந்த கனியின் கொட்டையை ஜான் ஹேடன் என்பவர் 1902இல் புளோரிடாவில் தம் வீட்டில் ஊன்றினார். காய்க்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி மரத்தைக் காத்தார். 1910இல் சிவந்த மேனியுடன் கனி வந்தது. அதுவே ஹேடன் வகை. உலகச் சந்தையில் பெரிதும் விற்கும் டாமி அட்கின்சு வகை ஹேடனின் கொட்டையிலிருந்து வந்தது. அந்தக் கன்றை மல்கோவா அன்று என்று பிடுங்கி எறிந்திருந்தால் இரண்டும் இல்லை.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கண்ணபுரம் சிற்றூர் மக்கள், வீடுகளில் நிற்கும் நாட்டு மாமரங்களைத் தேடிப் பதிவு செய்து, ஒட்டுக்கட்டிக் காத்து வருகின்றனர்.

கொட்டைமரம் உலகில் ஒன்றே ஒன்று. பல்கரு வகையாக இல்லாவிட்டால் அதன் கொட்டையை ஊன்றினாலும் அதே மரம் வராது; ஒட்டு ஒன்றே வழி. வீடு இடித்துக் கட்டும்போதும், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயலின்போதும் இத்தகைய மரங்கள் ஒரே நாளில் போய்விடுகின்றன. விழுந்த மரத்திலிருந்தும் உடனே செயல்பட்டால் வகையைக் காப்பாற்ற இயலும். நோயற்ற, பென்சில் தடிப்புள்ள நுனிக்கிளைகளை வெட்டி, இலைகளைக் காம்பு விட்டு நறுக்கி, ஈரத்துணியிலும் அதன்மேல் பாலித்தீன் தாளிலும் சுற்றி, சில நாட்களுக்குள் ஒட்டுக்கட்டத் தெரிந்த நாற்றங்காலில் கொடுக்க வேண்டும். உடன் மரம் நின்ற தெரு, காய்க்கும் மாதம், கனியின் அடையாளங்கள், வீட்டார் அதை அழைத்த பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சேர்ப்பது நல்லது.