சமையலறைக்குக் கிடைத்த மலைக்காட்சி

வீடு கட்டுகிறவர்கள் கூடத்துக்கு எத்தனை ஜன்னல், வாசல் எந்தப் பார்வை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சமையலறை ஜன்னலைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? என் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

கனடாவில் இருக்கும் என் நாத்தனார் மகள் ஒரு பட அட்டை அனுப்பியிருந்தாள். ராக்கி மலைகளுக்கு நடுவே, கோட்டை மாதிரி ஒரு ஓட்டல். பின்பக்கத்தில், "மாமி, இங்கே முதலில் சமையலறைக்குத்தான் நல்ல ஜன்னல் வைத்தார்களாம்!" என்று எழுதியிருந்தாள். விடுவேனா? தேடிப் படித்தேன்.

அது பான்ஃப் என்ற ஊரிலுள்ள 'பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஓட்டல்'. கட்டியது கனடிய பசிபிக் ரயில்வே. ரயில் கம்பெனிக்கு ஓட்டல் எதற்கு என்கிறீர்களா? எல்லாம் சாப்பாட்டினால் வந்ததுதான்! 1885-ல் மலைகளைத் தாண்டிப் பாதை போட்டு முடித்தார்கள். ஃபீல்டு என்ற ஊருக்கருகே ஏற்றம் 100 அடிக்கு நாலரை அடி. ரயிலுக்கு அது மகா செங்குத்து. அடுப்பும் மேஜையுமாகக் கனக்கும் சாப்பாட்டுப் பெட்டியை அதில் இழுப்பது கட்டுபடியாகவில்லை. அதனால் 1886-ல் வழியில் மூன்று இடங்களில் சாப்பாட்டு விடுதிகள் கட்டினார்கள். வண்டி நிற்கும், இறங்கிச் சாப்பிட்டு ஏறலாம். சாப்பிட இறங்கியவர்கள் மலையழகில் மயங்கி, நாள் கணக்கில் தங்கவும் ஆரம்பித்தார்கள்.

ரயில்வேயின் தலைமை அதிகாரிகளில் ஒருவரான வில்லியம் வான் ஹார்னுக்கு இது போதாதா? பான்ஃபில் வெந்நீர் ஊற்றுகள் வேறு இருந்தன. அங்கே பெரிய ஓட்டல் கட்ட நியூயார்க் கட்டடக் கலைஞர் புரூஸ் பிரைஸ் வரைபடம் போட்டார். வேலை நடக்கையில் வான் ஹார்ன் வந்து பார்த்தாராம். ஆறும் பள்ளத்தாக்கும் பனிமலையும் தெரியும் பக்கம் சமையலறை! பணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு வெறும் காடு! கட்டடத்தைத் திசை மாற்றிக் கட்டிவிட்டார்கள். கோபத்தில் குதித்த அவர், விருந்தினர்கள் உட்கார்ந்து காட்சியைப் பார்க்க அங்கேயே ஒரு மண்டபம் வரைந்து கொடுத்தார் என்பது கதை. 1888 ஜூன் 1-ல் ஓட்டல் திறந்தது.

இன்னொரு வேடிக்கை. விருந்தில் எப்படிப் பரிமாறுவது, எப்படிச் சாப்பிடுவது என்றெல்லாம் 1922-ல் புத்தகம் எழுதிப் புகழ் பெற்ற எமிலி போஸ்ட், இந்த புரூஸ் பிரைஸின் மகள்தான்!

ஆனால் இதே பாதையில் சாப்பாட்டைப் பற்றி இன்னொரு விஷயமும் படித்தேன். மனசு கனத்துப் போச்சு. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதை போட்டவர்களில் ஏறத்தாழ 15,000 பேர் சீனத் தொழிலாளிகள். வெள்ளைக்காரர்களைவிடக் கூலி குறைவு. சாப்பாட்டுச் செலவும் அவர்களுடையதே. அரிசியும் உலர்ந்த மீனும்தான் ஆகாரம். குளிர்காலத்தில் காய்கறி கிடையாது. வைட்டமின் 'சி' இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்து பலர் மாண்டார்கள். பாதை முடிந்த அதே 1885-ல், இனி வரும் சீனர்கள் மீது தலைக்கு 50 டாலர் வரி போட்டார்கள். கனடா அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2006-ல்தான்.

ஓட்டலின் பழைய மரக்கட்டடம் 1926-ல் தீயில் போயிற்று. 1928-ல் இப்போதுள்ள கோட்டைத் தோற்றம் முழுமையானது. 1969 முதல் குளிர்காலத்திலும் திறந்திருக்கிறது. வழக்கமான பயணி ரயில் 1990-ல் அந்த வழியில் நின்றுவிட்டது. பயணிகளுக்குச் சோறு போடப் பிறந்த ஓட்டல் பரம்பரை மட்டும், 700-க்கு மேற்பட்ட அறைகளோடு நிற்கிறது.

சகோதரிகளே, அடுத்து வீடு கட்டுகிறவர்கள் அடுப்படிக்கு ஒரு நல்ல ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். அந்த வீட்டைக் கட்ட வருகிற சித்தாளும் கொத்தனாரும் மத்தியானம் எதைச் சாப்பிடுகிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள். ஒரு கரண்டி கீரை, ஒரு துண்டு நெல்லிக்காய் கூடுதலாகச் செய்வது நமக்குப் பெரிய வேலையா என்ன?